முதல் வால்வ் ஆம்ப்: சாம்ப்பா, டீலக்ஸா, 18 வாட்டா?

கிட்டாருக்கு வால்வ் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் பழைய பாணி ஆம்ப்ளிஃபயர்) ஒன்றை நாமே செய்து பார்க்கலாம் என்று கிளம்பினால், பெரும்பாலும் மூன்று சர்க்யூட்டுகள்தான் முன்னால் வந்து நிற்கும். ஃபெண்டர் 1950களில் விற்ற சாம்ப் (5எஃப்1), அதே ஃபெண்டரின் டீலக்ஸ் (5இ3), 1960களில் இங்கிலாந்தில் மார்ஷல் செய்த 18 வாட். எது இனிமை என்று கேட்டுத்தான் எல்லோரும் முடிவெடுக்கிறார்கள். நான் கேட்பது வேறு: ஸ்விட்ச் போட்டதும் சத்தம் வரவில்லை என்றால், தப்பு எங்கே என்று உங்களால் தேடிப் பிடிக்க முடியுமா?

சாம்ப்பில் முடியும். மொத்தமே மூன்று வால்வ். 12ஏஎக்ஸ்7-க்குள் இருக்கும் இரண்டு டிரையோடுகள் (பெருக்கும் அலகுகள்) சிக்னலைப் பெருக்கும், 6வி6 ஸ்பீக்கரை ஓட்டும், ரெக்டிஃபயரான 5ஒய்3 ஏசியை டிசி ஆக்கும். ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்த்துச் சுமார் 20. சிக்னல் ஒற்றையடிப் பாதையில் போகிறது. மல்டிமீட்டரோடு பின்னாலேயே நடக்கலாம். என்னுடைய சாம்ப் முதல் நாள் வாசித்ததே இல்லை, ஊளைதான் இட்டது. இரண்டு மணி நேரம் சாலிடரைக் குறை சொன்ன பிறகுதான் புரிந்தது: ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து 22 கிலோ ஓம் வழியாக இரண்டாவது டிரையோடுக்குத் திரும்பும் நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியே வரும் சிக்னலில் கொஞ்சத்தை எதிர்த்திசையில் உள்ளே திருப்பி அடக்கி வைப்பது), அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் வொயர்களை நான் மாற்றிக் கொடுத்ததால் பாசிட்டிவ் ஆகியிருந்தது. இரண்டு வொயரை இடம் மாற்றினேன், அடங்கிவிட்டது.

குறையும் உண்டு. ஒற்றை 6வி6 என்பதால் டிசி கரண்ட் முழுவதும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவே ஓடும். அதனால் நடுவிலுள்ள இரும்புக் கோரில் சிறு இடைவெளி விட்டுச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர்தான் வேண்டும். உள்ளூரில் சுற்றக் கொடுத்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பவர் சப்ளையில் மிச்சமிருக்கும் ஹம்மும் (மின்சார ரீங்காரம்) நேராக ஸ்பீக்கருக்குப் போகும். டோன் குமிழ் கிடையாது, வால்யூம் மட்டும்.

டீலக்ஸில் இரண்டு 6வி6 எதிரெதிராக இழுக்கின்றன. டிசி ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும், ஹம்மும் பெருமளவு அடங்கும். ஒலியில் எனக்குப் பிடித்தது இதுதான். ஃபீட்பேக் இல்லை, வால்யூமைப் பாதிக்கு மேல் திருகினால் சத்தம் கூடுவதில்லை, கரகரப்புதான் ஏறுகிறது. ராக் இசைக்கலைஞர் நீல் யங் பல பத்தாண்டுகளாக வாசிப்பது 1959 டீலக்ஸில்தான். இதில் இரண்டு சேனல்கள், ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம். வேடிக்கை என்னவென்றால், கிட்டார் செருகாத சேனலின் வால்யூமைத் திருகினாலும் வாசிக்கும் சேனலின் டோன் மாறும். முதல்முறை செய்பவர் இதைத் தன் தப்பு என்று நினைத்து, சரியாக இருக்கும் வொயரைப் பிடுங்கி எறிவார். சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் கட்டம் வேறு கூடுதலாக இருக்கிறது. ஒரு பாதி செத்தாலும் ஆம்ப் ஏதோ பாடிக்கொண்டேதான் இருக்கும். அந்த மாதிரித் தப்பைப் பிடிப்பது கஷ்டம்.

18 வாட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மூன்று ஈசிசி83 (12ஏஎக்ஸ்7-இன் ஐரோப்பியப் பெயர்), இரண்டு ஈஎல்84 பவர் வால்வ், ஒரு ரெக்டிஃபயர் வால்வ், அதோடு சத்தத்தை ஏற்றி இறக்கும் டிரெமலோ. அருமையான ஆம்ப், ஆனால் இரண்டாவதாகச் செய்ய வேண்டியது.

“சாம்ப்பின் 5 வாட் எந்த மூலைக்கு?” என்று கேட்பார்கள். அந்த 5 வாட்டுக்கும் டீலக்ஸின் சுமார் 15 வாட்டுக்கும் இடையே உள்ளது கிட்டத்தட்ட 5 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்காகக் கேட்க 10 டெசிபல் வேண்டும். வீட்டில் 5 வாட்டே பக்கத்து வீட்டுக்காரரைக் கதவு தட்ட வைக்கும். டிரம்ஸோடு வாசிப்பவர் என்றால் சரி, டீலக்ஸ் பக்கம் போகலாம்.

எதைச் செய்தாலும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். முதல் தடவை ஆன் செய்யும்போது சீரிஸ் பல்பு போர்டு (கரண்ட் ஒரு பல்பு வழியாகவே வரும்படி செய்த போர்டு) வழியாகக் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். அமெரிக்க கிட் வாங்குபவர்கள் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி (மெயின்ஸ் இணையும் பக்கம்) 120 வோல்ட்டா, நம் 230-க்கு ஏற்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு சாம்ப்பின் உடன்பிறப்பு: ஃபெண்டர் பிரின்ஸ்டன், 5எஃப்2-ஏ. ஏறக்குறைய அதே சர்க்யூட், டோன் குமிழ் மட்டும் கூடுதல். அப்புறம், “இப்போது சாம்ப், பிறகு அதையே டீலக்ஸாக மாற்றிக்கொள்ளலாம்” என்று கணக்குப் போட வேண்டாம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வேறு வகை. ரெக்டிஃபயரை விட்டுவிட்டால் சாம்ப்பில் வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர்களுக்கு 0.75 ஆம்பியர் போதும், டீலக்ஸுக்கு 1.5. ஆக பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் மாற்ற வேண்டிவரும். கடைசியில் பழைய ஆம்பில் மிஞ்சுவது பெட்டியும் கைப்பிடியும்தான்.