இடுப்பில் நாலு வருஷ கரண்ட்

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு மலை ஏறி, கேரளாவில் வண்டன்மேடு பக்கத்து ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போவது என் தொழில். ஜீப்புக்கு இதுவரை மூன்று முறை ஸ்பிரிங் பட்டை மாற்றிவிட்டேன். என் இடுப்புக்கு அந்த வசதி இல்லை. முதுகெலும்பின் அடிப்பக்கம் எல் 4, எல் 5 என்ற எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருப்பதாக 2021-ல் ஸ்கேனில் வந்தது. கட்டப்பனையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பத்து நாள் கரண்ட் வைத்தார். வலிக்குக் கேட்டது. தினமும் அங்கே போய்ப் படுத்தால் சவாரி யார் ஓட்டுவது? அவரிடமே யோசனை கேட்டு ஒரு டென்ஸ் மெஷின் வாங்கினேன்; தோல் வழியாக லேசாகக் கரண்ட் விட்டு வலியைத் தணிக்கிற கருவி அது.

உள்ளங்கை அளவுப் பெட்டி, 9 வோல்ட் பேட்டரி, தோலில் ஒட்டுகிற நாலு பேட். அவ்வளவுதான். 1965-ல் மெல்சாக், வால் என்ற இரு வலி ஆராய்ச்சியாளர்கள் சொன்ன கணக்கில் பார்த்தால், முதுகுத்தண்டில் வலிச் செய்திக்கு ஒரு கதவு உண்டு. தொடு உணர்ச்சி நரம்புகளைத் தூண்டினால் அந்தக் கதவு ஒடுங்கும். இடித்துக்கொண்ட முழங்காலைக் கையால் தேய்த்துவிடுகிறோமே, அதே வேலை. கரண்ட் என்றால் சுட்டுவிடாதா என்று என் மனைவி பயந்தாள். நல்ல மெஷினில் ஒவ்வொரு துடிப்பும் ஒரு பக்கம் போய் உடனே மறுபக்கம் திரும்பிவிடும். தோலில் மின்னூட்டம் தேங்காததால் புண்ணாவதில்லை. பேட்டரியில் ஓடுவதால் வீட்டு லைனோடும் தொடர்பில்லை.

எவ்வளவு வைப்பது என்பதில்தான் நான் கோட்டை விட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றுவேன். “தரிப்பு மதி சேட்டா, வேதன வேண்டா” என்றார் பிசியோ மலையாளத்தில். மரமரப்பு போதும், வலி வேண்டாமாம். எறும்பு ஊர்வது போல இருந்தால் போதும். இப்போது 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள், அதாவது நொடிக்கு அத்தனை துடிப்பு வைத்து அரை மணி நேரம். தினமும் ஒரே மாதிரி போட்டால் உடம்பு பழகிவிடுகிறது. அதனால் துடிப்பு மாறிக்கொண்டே இருக்கும் ‘எம்’ நிலைக்கு அடிக்கடி மாற்றுகிறேன். போட்டிருக்கும்போது நிம்மதி, கழற்றினால் இரண்டு மணி நேரம் தாங்கும். டிஸ்க் அப்படியேதான் இருக்கிறது.

செலவு பேட்டில்தான். என் வியர்வைக்கு இருபது தடவைக்கு மேல் ஒட்டாது. ஒயரைப் பிடித்து இழுக்காமல், ஓரத்தைப் பிடித்து உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி வைத்தால் இன்னும் நாலைந்து தடவை வரும்.

ஒரு முறை பெரிய முட்டாள்தனம் செய்தேன். ஓட்டும்போது போடாதே என்று மெஷினோடு வந்த தாளில் எழுதியிருந்தும், சட்டைக்குள் ஒட்டிக்கொண்டு மலையேறினேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் பேட் பாதி உரிந்தது. அதே கரண்ட் கொஞ்சூண்டு இடத்தில் பாய்ந்ததும் தேள் கொட்டின மாதிரி சுரீர். பின்னால் பதினொரு பேர். அதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

அப்புறம் பெரியப்பா. தோள்வலிக்கு எனக்கும் ஒட்டிவிடுடா என்றார். இதயத்தைச் சீராகத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவி நெஞ்சில் இருக்கிறது அவருக்கு. வெளியிலிருந்து போகும் துடிப்பை அது இதயத் துடிப்பென்று தப்பாக எண்ணி, தன் வேலையை நிறுத்திவிடக்கூடும். எனக்கு மெஷின் விற்ற கடையில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கர்ப்பிணிகளுக்கும் வலிப்பு உள்ளவர்களுக்கும் டாக்டரைக் கேட்காமல் கூடாது. முன்கழுத்தில் யாருமே ஒட்டக் கூடாது.

முடியாது பெரியப்பா என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. இப்போது ராத்திரியில் பெரியம்மா தைலம் போட்டுத் தோளைத் தேய்த்துவிடுகிறார்.