ராயல் நேவி அதிகாரியின் நகல் பதக்கத் தொகுப்பு: உலோகம் தேறுகிறது, நாடா சறுக்குகிறது

இரண்டாம் உலகப் போரில் வணிகக் கப்பல் அணிகளுக்குக் காவலாகச் சென்ற கப்பலின் அதிகாரி ஒருவருக்கு உரியது என்று விற்கப்படும் முழு அளவு நகல் தொகுப்பு இது. மொத்தம் ஏழு பதக்கம். எதிரே நின்று பார்ப்பவருக்கு இடமிருந்து வலமாக டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸ் (கடற்படையின் வீரச் செயல் சிலுவை; இனி டி.எஸ்.சி.), 1939–45 ஸ்டார் (‘ஸ்டார்’ என்பவை போர்ப் பணிக்கான நட்சத்திர வடிவப் பதக்கங்கள்), அட்லாண்டிக் ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், பர்மா ஸ்டார், டிஃபென்ஸ் மெடல், வார் மெடல் 1939–45. வரிசையில் பிழை இல்லை. வார் மெடல் நாடாவில் ஒரு வெண்கல ஓக் இலை, அதாவது தளபதியின் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்பட்டதன் அடையாளம். எத்தனை முறை குறிப்பிடப்பட்டாலும் இலை ஒன்றுதான். அதையும் சரியாகவே செய்திருக்கிறார்கள்.

முதலில், பதக்கங்களைப் பொருத்திய விதமான கோர்ட் மவுண்ட். தொகுப்பின் சிறந்த பகுதி இதுதான். சாதாரணத் தொங்கல் முறையில் பதக்கங்கள் நாடாவில் தளர்வாக ஆடும். நடந்தால் ஒன்றோடொன்று மோதி விளிம்பு நசுங்கும். கோர்ட் முறையில் விறைப்பான அட்டைமேல் நாடா இழுத்துப் போர்த்தப்பட்டு, பதக்கத்தின் பின்னால் பாதி உயரம் வரை இறங்கும். பதக்கம் அதன்மேல் நூலால் தைக்கப்படும். இந்தத் தொகுப்பில் பசை கிடையாது, எல்லாம் தையல். பின்பக்கத் துணியை விரலால் அழுத்தினால் நூல் முடிச்சு தட்டுப்படுகிறது. மலிவுத் தொகுப்புகளில் சூடான பசை வைத்து ஒட்டிவிடுவார்கள். வெயிலில் அது இளகி நாடாவின் முன்பக்கம் கறையாகக் கசியும். பிறகு பிரிக்கவும் முடியாது.

அகலக் கணக்கும் கவனத்தோடு போடப்பட்டிருக்கிறது. டி.எஸ்.சி. நாடா 36 மி.மீ., மற்ற ஆறும் தலா 32 மி.மீ. பக்கம் பக்கமாக வைத்தால் 228 மி.மீ. வரும். அத்தனை நீளம் கோட்டின் மார்பில் உட்காராது. எனவே ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைத்து, முதல் பதக்கம் மட்டும் முழுதாகத் தெரிய விட்டிருக்கிறார்கள். சிலுவையும் நட்சத்திரமும் வட்டமும் வெவ்வேறு உயரம் என்றாலும் கீழ்நுனிகள் ஒரே கோட்டில் நிற்கின்றன. இதைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு.

உலோகத்தைப் பார்ப்போம். அசல் ஸ்டார்கள் செம்பும் துத்தநாகமும் கலந்த மஞ்சள் உலோகம். ஆறு முனை, 44 மி.மீ. உயரம், 38 மி.மீ. அகலம். நகலின் அளவு பிசகவில்லை, நடுவில் இருக்கும் அரசரின் பெயரெழுத்து முத்திரையும் கிரீடமும் கூர்மையாக இருக்கின்றன. காந்தம் ஒட்டவில்லை; ஒட்டியிருந்தால் உள்ளே இரும்பு என்று பொருள். பின்பக்கம் வெறுமையாக இருப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். பிரிட்டனில் இந்த ஸ்டார்கள் பெயர் பொறிக்காமல்தான் வழங்கப்பட்டன. இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள்தான் பெயர் பொறித்தன.

டி.எஸ்.சி.யில்தான் முதல் சறுக்கல். இந்தச் சிலுவை 1901இல் வேறு பெயரில் தொடங்கி, 1914இல் இப்போதைய பெயரைப் பெற்றது. நடுவில் ஆட்சியிலிருக்கும் அரசரின் முத்திரை எழுத்து இருக்கும். போர்க்காலச் சிலுவை என்றால் ஆறாம் ஜார்ஜ் எழுத்து வேண்டும். இந்த நகலில் இருப்பது இரண்டாம் எலிசபெத்தின் எழுத்து. அவர் அரியணை ஏறியது 1952இல். வார்ப்பு அச்சு ஒன்றையே எல்லாக் காலத்துக்கும் பயன்படுத்துவதால் வரும் பிழை. வாங்கும் முன் சிலுவையின் நடுப்பகுதியை நெருக்கத்தில் படமெடுத்து அனுப்பச் சொன்னால் ஒரு நொடியில் பிடித்துவிடலாம். இன்னொன்று, 1940 முதல் வழங்கியவற்றில் பின்பக்கக் கீழ்க்கையில் விருது ஆண்டு பொறிக்கப்பட்டது. நகலில் அது இல்லை. பொறிக்கச் சொல்வதானால் சண்டை நடந்த ஆண்டைக் கொடுத்துவிடாதீர்கள். டிசம்பரில் நடந்த சண்டைக்கான விருது அடுத்த ஆண்டில் வெளியாவது சகஜம். எச்.ஜி. 76 என்ற வணிகக் கப்பல் அணியை ஜிப்ரால்டரிலிருந்து காத்துவந்த சண்டை 1941 டிசம்பரில். அதற்காகக் காவல் கப்பல்களின் தலைவர் ஃபிரெடெரிக் ஜான் வாக்கருக்கு டி.எஸ்.ஓ. (டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் ஆர்டர்) விருது அறிவிக்கப்பட்டது 1942 ஜனவரியில். (அதே விருதை மேலும் மூன்று முறை பெற்றவர் அவர். அப்படி மறுபடி பெற்றால் புதுப் பதக்கம் வராது, நாடாவில் ஓர் உலோகப் பட்டை கூடும். ஒரே விருதின் இரண்டு சிலுவையைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்ட தொகுப்பு எதைக் கண்டாலும் ஒதுக்கிவிடலாம்.)

இனி நாடா. ஏழில் நான்கு நாடாக்கள் இருபுறமும் ஒன்றுபோல இருப்பவை, எப்படித் தைத்தாலும் தப்பில்லை. மூன்றுக்குத் திசை உண்டு. 1939–45 ஸ்டாரில் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என மூன்று சம பட்டைகள். கருநீலம் கடற்படையையும் வணிகக் கப்பல் மாலுமிகளையும் குறிப்பதால் அது இடது தோளிலிருந்து தள்ளி, அதாவது பார்ப்பவரின் இடப்பக்கம் வர வேண்டும். ஆப்பிரிக்கா ஸ்டாரிலும் மெல்லிய கருநீலக் கோடு அதே பக்கம். அட்லாண்டிக் ஸ்டாரில் நீலம், வெள்ளை, கடல்பச்சை. நீல ஓரம் அதே பக்கம். இந்தத் தொகுப்பில் அட்லாண்டிக் நாடா தலைகீழாகப் போயிருக்கிறது. அதுவும் கடற்படை அதிகாரியின் தொகுப்பில்! நாடாவின் தரமும் சுமார். அசலில் நிறங்கள் ஒன்றிலொன்று கரைந்து, துணியில் நீரலை போன்ற மினுக்கம் இருக்கும். இதில் மூன்று தனித்தனிக் கோடுகளாக அச்சடித்தாற்போல் நிற்கிறது.

பெரிய பிழை ஆப்பிரிக்கா ஸ்டார் நாடாவில். "8ஆம் படை" என்ற கிளாஸ்ப் (நாடாவில் பொருத்தும், எழுத்துப் பொறித்த உலோகப் பட்டை) மாட்டியிருக்கிறார்கள். அது தரைப்படையினருக்கு உரியது. கடற்படையினருக்கான கிளாஸ்ப் "வட ஆப்பிரிக்கா 1942–43". பதக்கம் இல்லாமல் நாடா மட்டும் அணியும்போது அது வெள்ளிப் பூமொட்டாகும். 8 என்ற எண்ணைக் கண்டதுமே, யாருடைய வாழ்க்கையையும் பார்க்காமல் கையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது.

டிஃபென்ஸ் மெடலும் அப்படியே சேர்ந்ததுதான். "எல்லோருக்கும் கொடுத்தார்கள்" என்ற எண்ணத்தில் விற்பவர்கள் சேர்த்துவிடுகிறார்கள். பிரிட்டனுக்குள் பணி என்றால் 1,080 நாள் வேண்டும். போர் முழுக்கக் கடலிலேயே கழித்தவருக்கு அந்தக் கணக்கு எட்டாது. வார் மெடலுக்கோ 28 நாள் போதும், அது ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கும்.

எனவே பணம் கொடுக்கும் முன் அதிகாரியின் பணியைக் காகிதத்தில் வரிசைப்படுத்திக்கொள்வது நல்லது. வீரச் செயலுக்கான விருதுகள் லண்டன் கெஸட் என்ற பிரிட்டிஷ் அரசிதழில் நாளோடு வெளியாகும். கப்பல், பதவி, பதவிமூப்பு நாள் ஆகியவை கடற்படை அதிகாரிகளின் பட்டியலான நேவி லிஸ்ட் இதழ்களில் கிடைக்கும். ஸ்டார்கள் கெஸட்டில் வராது. கப்பல் எங்கே, எத்தனை நாள் என்று கணக்குப் போட்டே முடிவு செய்ய வேண்டும். 1939–45 ஸ்டாருக்கு ஆறு மாதம். அதை ஈட்டிய பிறகு அட்லாண்டிக்கில் இன்னும் ஆறு மாதம் கடலில் இருந்திருந்தால்தான் அட்லாண்டிக் ஸ்டார். ஆப்பிரிக்காவுக்கு 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரை மத்தியதரைக் கடலில் ஒரு நாள் இருந்தாலும் போதும். பர்மா ஸ்டாரும் பசிபிக் ஸ்டாரும் ஒருவரிடம் சேர்ந்திருக்காது. இரண்டாவதற்குப் பதிலாக முதல் ஸ்டாரின் நாடாவில் கிளாஸ்ப் வரும். அட்லாண்டிக், பிரான்ஸ்–ஜெர்மனி ஸ்டார்களுக்கும் இதே விதி. இரண்டும் தொங்கும் தொகுப்பு வந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

இந்தத் தொகுப்பைத் திருத்த முடியுமா? முடியும், தையல் என்பதால். பின்துணியை ஓரத்தில் பிரித்து, டிஃபென்ஸ் மெடலைக் கழற்றுங்கள். அட்லாண்டிக் நாடாவைப் புதிதாக வாங்குங்கள். ஒரு பதக்கத்துக்கு 15 செ.மீ. துண்டு போதும். கிளாஸ்பை மாற்றுங்கள். ஆனால் நடுவில் ஒன்றை எடுத்தால் இடைவெளி விழும் என்பதால் அட்டையைச் சுருக்கி எல்லாவற்றையும் மறுபடி படிய வைக்க வேண்டும். பதக்கம் மவுண்ட் செய்பவரிடம் கொடுப்பதே நல்லது. டி.எஸ்.சி.யை மட்டும் திருத்த வழியில்லை, வேறுதான் வாங்க வேண்டும்.

மெருகு மருந்து போட்டுத் தேய்க்காதீர்கள். நாடாவில் வெள்ளைப் படிவு தங்கும், பிறகு போகாது. மென்மையான உலர் துணி போதும். பி.வி.சி. உறையில் வைத்தால் செம்புக் கலவையில் பச்சை பிடிக்கும். உறவினரின் பதக்கங்களை நினைவு நாளில் அணிவதானால் வலது மார்பில் அணிவது பிரிட்டிஷ் வழக்கம். இடது மார்பு ஈட்டியவருக்கே. இந்தத் தொகுப்பின் ஊசி இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். ஆனால் ஏழு பதக்கத்தின் எடைக்கு மெல்லிய கோட்டுத் துணி முன்னால் சாயும், உள்ளே ஒரு துண்டு தடித்த துணி வைத்துக் குத்துங்கள்.