லாஸ்ட் வீக் டுநைட்: பத்து வருஷம் தாண்டி ஓட்டிய பிறகு

காமெடியன் ஜான் ஆலிவர் செய்திகளைக் கிண்டலடித்து அலசும் வாராந்திர நிகழ்ச்சி ‘லாஸ்ட் வீக் டுநைட்’ 2014 ஏப்ரல் 27 அன்று அமெரிக்க டிவி சேனலான எச்பிஓவில் தொடங்கியது. முதல் சீசனைப் பார்த்துவிட்டு ஆகா ஓகோ என்று எழுதியதெல்லாம் பைக் எடுத்த மறுநாள் எழுதுகிற ரிவ்யூ மாதிரி. எது தேய்கிறது, எது தேயாமல் நிற்கிறது என்பது பத்து வருஷம் ஓடிய பிறகுதான் தெரியும்.

அரை மணி நேரம், நடுவில் விளம்பரம் கிடையாது. முதல் சில நிமிஷம் அந்த வாரத்துச் செய்தி. பிறகு உள்ளூர் டிவிக்காரர்கள் உளறியதை வெட்டி ஒட்டிய ஒரு துண்டு. அப்புறம் இருபது நிமிஷத்தைத் தொடுகிற ஒரே விஷயம். அமெரிக்காவில் ஞாயிறு இரவு 11 மணி என்பது நமக்குத் திங்கள் காலை 8.30, குளிர்காலத்துக்கு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளிய பிறகு 9.30. அந்த முதல் பகுதியைத் தாராளமாகத் தள்ளிவிடலாம். டிரம்ப் என்ன உளறினார், அதற்கு ஆலிவர் எப்படி முகத்தைச் சுளித்தார் என்பதெல்லாம் புதன்கிழமைக்குள் புளித்துப்போகும். இட்லி மாவு அதைவிட நாள் தாங்கும்.

நிகழ்ச்சியின் இன்ஜின் அந்த இருபது நிமிஷத்தில்தான் இருக்கிறது. 2016 ஜூனில் வந்த கடன் வசூல் எபிசோடையே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டாமல் விட்டால் அந்த பாக்கியை ஆஸ்பத்திரி யாருக்காவது விற்கலாம். வாங்கியவர் இன்னொருவர் தலையில் கட்டுவார். கை மாற மாற விலை அடிமாட்டு விலைக்கு இறங்கும். நோயாளியிடம் கேட்கிற தொகை மட்டும் ஒரு சென்ட் குறையாது. ஆலிவர் குழு இதைச் செய்தே காட்டியது. மிசிசிப்பியில் 50 டாலர் கட்டி ஒரு வசூல் கம்பெனியைப் பதிவு செய்தார்கள். கொஞ்ச நாளில் 1.49 கோடி டாலர் மருத்துவக் கடன் 60,000 டாலருக்கும் குறைந்த விலைக்கு வந்தது. டாலருக்கு அரை சென்ட்கூட இல்லை. சுமார் 9,000 பேரின் பெயர், முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண் (நம்மூர் ஆதார் எண் மாதிரி) எல்லாம் அப்படியே கைக்கு வரும் நிலை. காமெடியனுக்கே இவ்வளவு சுலபம் என்றால் கேடிக்கு எவ்வளவு சுலபம் என்று பார்ப்பவர் வயிறு கலங்கும். கடைசியில் ஒரு தொண்டு நிறுவனம் வழியாக மொத்தத்தையும் தள்ளுபடி செய்து காகிதத் துண்டுகளைப் பறக்கவிட்டார்கள்.

இதில் ஒரு நெளிவு உண்டு. அது காலாவதியான கடன். கோர்ட்டுக்குப் போனால் நிற்காது. மலிவாகக் கிடைத்ததற்குக் காரணமும் அதுதான். இதே வகைத் தள்ளுபடி கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு 2024இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் மனநலத்தில் முன்னேற்றம் ஒன்றும் தென்படவில்லை. ஆண்டுக்கணக்கில் நொந்துபோன பிறகு கிடைக்கிற தள்ளுபடி அது. பில்லே வராத மருத்துவம் வேண்டும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நிகழ்ச்சி பட்டாசு வெடித்துவிட்டுக் கிளம்பிவிட்டது. இடதுசாரிப் பார்வையாளருக்குப் பத்து வருஷமாக உறுத்துகிற இடம் இதுதான்: முதலாளித்துவ மெஷினைக் கழற்றிக் காட்டுவதில் கில்லாடி, ஆனால் முடிவில் கையில் கொடுப்பது பெரும்பாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவர்தான்.

நெட் நியூட்ராலிட்டி, அதாவது இணையக் கம்பெனிகள் எல்லாத் தளத்தையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்கிற விதி. அந்தக் கதை இன்னும் நீளம். 2014 ஜூனில் இணையவாசிகளை அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் தளத்துக்குப் போய்க் கருத்துப் போடச் சொன்னார், தளம் திணறியது. 2015இல் ஆணையம் வலுவான விதிகளைக் கொண்டுவந்தது. 2017 மேயில் மறுபடி அழைத்தார், மறுபடி தளம் படுத்தது. சைபர் தாக்குதல் என்று ஆணையம் சாதித்தது. தாக்குதலும் இல்லை ஒன்றும் இல்லை, ஆலிவரைப் பார்த்துவிட்டு வந்த கூட்டம்தான் என்று ஆணையத்தின் சொந்த இன்ஸ்பெக்டர் ஜெனரலே 2018இல் அறிக்கை கொடுத்தார். அதற்குள் 2017 டிசம்பரிலேயே விதிகளை 3-2 வாக்கில் தூக்கிவிட்டார்கள். வந்து குவிந்த 2.2 கோடிக்கு மேற்பட்ட கருத்துகளில் சுமார் 1.8 கோடி போலி என்று நியூயார்க் அட்டர்னி ஜெனரல் 2021இல் சொன்னார். விதிகளை எதிர்த்து பிராட்பேண்ட் கம்பெனிகளின் காசில் நடந்த பிரச்சாரம் மட்டும் 85 லட்சம் போலிகளைத் தள்ளியது. விதிகளை ஆதரிக்கிற பக்கம் ஒரே ஒரு கல்லூரிப் பையன் 77 லட்சம். விதிகள் 2024இல் திரும்ப வந்தன, 2025 ஜனவரியில் கோர்ட்டில் விழுந்தன. யூடியூபில் எபிசோடைப் பார்த்துவிட்டு, ஜெயித்தாச்சு என்று மூடிவைக்கக் கூடாது. பக்கத்திலேயே இன்னொரு டேபைத் திறந்து இன்றைய நிலவரத்தைப் பார்த்துவிட வேண்டும்.

பில்டு குவாலிட்டியில், அதாவது வழக்கு வந்தாலும் தாங்குகிற உறுதியில், குறை சொல்ல முடியாது. நிலக்கரி முதலாளி பாப் மர்ரி 2017இல் மேற்கு வர்ஜீனியாவில் நிகழ்ச்சி மேல் அவதூறு வழக்குப் போட்டார். 2018 பிப்ரவரியில் தள்ளுபடியானது. ஜெயித்த பிறகும் வழக்குச் செலவு 2 லட்சம் டாலரைத் தாண்டியது, இன்சூரன்ஸ் பிரீமியம் மூன்று மடங்கானது என்று ஆலிவரே சொன்னார். வழக்கில் ஜெயிப்பது இப்படிப்பட்ட முதலாளிக்கு முக்கியமே இல்லை, எதிராளியின் பர்ஸைக் காலி செய்தால் போதும் என்பதை 2019 நவம்பரில் முழு எபிசோடாகவே போட்டு, கடைசியில் மர்ரியைத் திட்டி ஒரு பாட்டும் ஆட்டமும் வைத்தார்கள்.

தேய்ந்த பாகம் ஜோக். ஒரு அரசியல்வாதி படம் வரும். ‘இந்த ஆளைப் பார்த்தால் நனைந்த போர்வைக்குள் கிடக்கிற…’ என்று ஒரு உவமை ஓடும். நூறு எபிசோடு பார்த்தவருக்கு உவமை முடிவதற்குள் அடுத்தது தெரிந்துவிடும். உருவ கேலி வேறு நிறைய. வேகத்தை 1.25இல் வைத்தால் பாதி வலி குறையும்.

சினிமா, பாப் கல்ச்சர் பக்கம் போகும்போது மறுபடி கூர்மை வந்துவிடுகிறது. 2019 மார்ச் கடைசியில் வந்த, டிவி மல்யுத்தக் கம்பெனி டபிள்யூடபிள்யூஇ பற்றிய எபிசோடு நல்ல உதாரணம். மல்யுத்த வீரர்களை ஊழியர் என்று சொல்லாமல் தனி ஒப்பந்ததாரர் என்று எழுதிவைத்து மருத்துவக் காப்பீட்டைக் கழற்றிவிடுகிற வித்தை அதில் வருகிறது. நம்மூர் டெலிவரி பாய்ஸை ‘பார்ட்னர்’ என்று கூப்பிடுகிறார்களே, அதே வித்தை. பார்க்கத் தொடங்குபவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

இந்தியாவிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு சிக்கல் தனி. 2020 பிப்ரவரியில், டிரம்ப் அகமதாபாத் வருகிற நேரத்தில், மோடியைப் பற்றி வந்த எபிசோடை ஹாட்ஸ்டார் ஏற்றவே இல்லை. யூடியூபில் அந்தப் பகுதி தடையில்லாமல் ஓடியது. எச்பிஓ சரக்கு 2023இல் ஹாட்ஸ்டாரை விட்டு ஜியோசினிமாவுக்குப் போய், 2025இல் இரண்டும் ஒரே கடையாகிவிட்டன. அதனால் எந்த ஆப் என்று தேடி அலையாமல் யூடியூப் சேனலுக்கே போவது நல்லது. முக்கியப் பகுதி அங்கே இலவசம், சப்டைட்டிலும் உண்டு; அரை மணி முழுசாக வராது. தள்ளிவிடச் சொன்ன முதல் பகுதி பெரும்பாலும் அதில் இருக்காது என்பது கூடுதல் வசதி.