கேம்பர் வேனுக்கு லெட்-ஆசிடா, லித்தியமா?

வேனுக்குள் ஃபேன், லைட், சின்ன ஃபிரிட்ஜ் ஓட 12 வோல்ட்டில் 100 ஏ.எச். (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி வாங்கப் போகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டில்தான்.

விலை: லெட்-ஆசிட் மலிவு. லித்தியம் (எல்.எஃப்.பி., அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை) வாங்கும்போது கை கடிக்கும்.

உண்மையில் கிடைப்பது: லெட்-ஆசிடைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுசு குறையும், எனவே 50 ஏ.எச். என்றே கணக்கு வையுங்கள். லித்தியத்தில் 80 ஏ.எச்.சுக்கு மேல் தாராளமாக எடுக்கலாம். விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி இங்கேயே கரைந்துவிடும்.

எடை: லெட்-ஆசிட் ஏறத்தாழ 30 கிலோ, லித்தியம் 12 கிலோ.

பராமரிப்பு: டியூபுலர் வகை லெட்-ஆசிடுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். படுக்கைக்கு அடியில் வைத்து மூடுவது ஆபத்து. லித்தியத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. குளிர்காலத்தில் லடாக் போகிறவர்கள் ஹீட்டர் உள்ள பேட்டரியாகப் பார்த்து வாங்கவும்.

வயரிங்: லித்தியத்தை ஆல்டர்னேட்டரோடு (எஞ்சின் ஓடும்போது கரண்ட் தருவது) நேராகக் கோக்காதீர்கள், நடுவே அந்தக் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். இரண்டு பேட்டரியைப் பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) போட்டால் பிளஸ்ஸை ஒன்றிலும் மைனஸை மற்றதிலும் எடுங்கள். சுமை சமமாகப் பிரியும். எதுவானாலும் பிளஸ் முனையை ஒட்டியே ஃபியூஸ். பழசையும் புதுசையும் கலப்பது வீண் சிக்கனம்.

வருஷத்துக்கு நாலைந்து பயணம், லைட்டும் ஃபேனும் மட்டும் என்றால் லெட்-ஆசிட் போதும். மாதக்கணக்கில் வேனிலேயே வாழ்ந்து, சோலாரில் ஃபிரிட்ஜ் ஓட்டுபவர் லித்தியமே வாங்கட்டும்.