இரவு வானத்துக்குப் பழைய வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: 38,500 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நேற்று சாயங்காலம் கடைசிப் பதில் வந்தது: "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." பழைய லென்ஸ் ஒன்றுக்கு நான் கொடுத்த 38,500 ரூபாய் என்ன ஆனது என்று அதில் ஒரு வரி இல்லை. பழைய கேமராவும் லென்ஸும் வாங்கி, சோதித்து, தரம் போட்டு விற்பதாகச் சொல்லும் ஒரு இணையத் தளம் அது. பெயர் போடவில்லை. போட்டால் பதிவைத் தூக்க வைப்பார்கள், படிக்க வேண்டியவர்கள் படிக்காமல் போய்விடும்.

எங்கள் ராமநாதபுரம் கரையில் மண்டபம், சேதுக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர் என்று ராத்திரியில் ட்ரைபாடோடு இறங்கும் தம்பிகள் இப்போது நிறையப் பேர். தனுஷ்கோடிக்கு இருட்டிய பிறகு விடமாட்டார்கள், அதனால் இந்தக் கரைகள்தான். எல்லாரும் தேடுவதும் ஒரே மாதிரி லென்ஸ்தான். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவுக்கு 14-24 எஃப் 2.8, கிராப் (சின்ன) சென்சாருக்கு 11-16 எஃப் 2.8. முதல் எண்கள் எம்எம் கணக்கில் குவியத்தூரம், குறையக் குறைய அகலமான காட்சி. எஃப் என்பது ஒளி நுழையும் துவாரத்தின் அளவு, எண் குறையக் குறையத் துவாரம் பெரிசு.

தேடுவதில் தப்பில்லை. நம் கரை 9 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. பால்வீதியின் மையம் தனுசு ராசிப் பக்கம், வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) 29 டிகிரி தெற்கே. 90-லிருந்து 9-ஐயும் 29-ஐயும் கழித்தால், அது தெற்கே உச்சிக்கு வரும்போது அடிவானத்திலிருந்து 52 டிகிரி உயரத்தில் நிற்கும். லடாக்கில் அதே மையம் 27 டிகிரிதான் ஏறும். அங்கே எடுக்கிறவர் "24 எம்எம் போதும்" என்று வீடியோவில் சொன்னால் அவருக்கு அது சரி. நமக்குச் சரிவராது. ஃபுல் ஃப்ரேமில் 24 எம்எம் போட்டு கேமராவைப் படுக்கையாக வைத்தால் மேலிருந்து கீழ் 53 டிகிரிதான் கிடைக்கும். மையம் உச்சியில் இருக்கும் நேரத்தில் கடலை வைத்தால் மையம் போகும், மையத்தை வைத்தால் கடல் போகும். 14 எம்எம்மில் 81 டிகிரி. கீழே அலையும் வள்ளமும், மேலே மையம், தாராளமாக நிற்கும். எஃப் 4-ஐ விட எஃப் 2.8 இரண்டு மடங்கு வெளிச்சம் வாங்கும், ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன், ஏற ஏறப் படத்தில் புள்ளி விழும்) 6400-ல் எடுக்க வேண்டியதை 3200-ல் எடுக்கலாம். ஜூம் எதற்கு என்றால், சோளகக் காற்றில் மணலும் உப்பும் பறக்கும்போது கடற்கரையில் நின்று லென்ஸ் கழற்றி மாட்ட முடியாது. பாம்பன் பாலத்துக்கு 24, வானத்துக்கு 14, கழற்றாமலே முடிந்துவிடும். புதுசு லட்சத்தைத் தாண்டுகிறது, அதனால்தான் பழையதைத் தேடுகிறோம்.

அந்தத் தளத்தில் நான் வாங்கிய பழைய 14-24-க்குப் பத்துக்கு ஒன்பது என்று தரம் போட்டிருந்தார்கள். கூடவே கையெழுத்துப் போட்ட சோதனைத் தாள்: ஃபங்கஸ் (கண்ணாடியில் பூஞ்சை) இல்லை, மங்கல் இல்லை, லென்ஸ் திறக்கப்படவில்லை. போனில் பேசியவர் "எதுக்கு சார் யூஸ் பண்ணப் போறீங்க?" என்று அவராகவே கேட்டார். நைட் ஸ்கை என்றதும், "அப்போ இதவிட நல்ல பீஸ் கிடைக்காது சார், நானே செக் பண்ணேன், மூலைக்கு மூலை ஷார்ப்பு" என்று சொல்லி மூன்று மாதிரிப் படம் அனுப்பினார். அந்த இடத்தில்தான் நம்பினேன். வேலைக்குத் தகுந்த பொருளா என்று கேட்கிறவர் ஏமாற்ற மாட்டார் என்று தோன்றியது. படங்களும் பளிச்சென்று இருந்தன. மூன்றும் பட்டப்பகலில் எஃப் 8-ல் எடுத்தவை. எஃப் 8-ல் துவாரம் சுருங்கி, கண்ணாடியின் ஓரம் வழியாக வரும் ஒளியை வெட்டிவிடும். பெரும்பாலான கோளாறு அதிலேயே மறைந்துவிடும். நமக்கோ ராத்திரி முழுக்க 2.8-ல்தான் வேலை.

பார்சல் வைகாசி விசாகத்துக்கு மூன்று நாள் முன்னால் வந்தது. திருப்பித் தர ஏழு நாள் கெடு. நிலா போகட்டும், பால்வீதியிலேயே சோதிக்கலாம் என்று காத்திருந்தது தப்பு. ஒன்பதாம் நாள்தான் வாலிநோக்கத்தில் நிலா ஏறுவதற்கு முன் இருட்டு கிடைத்தது. 14 எம்எம், எஃப் 2.8, 20 விநாடி, ஐஎஸ்ஓ 3200. லைவ் வியூவில் (கேமராத் திரையின் நேரடிக் காட்சி) பத்து மடங்கு பெருக்கி சுவாதி நட்சத்திரத்தில் ஃபோகஸ். நடுவில் ஊசிமுனை. இடது மூலைகளில் நட்சத்திரங்களுக்குச் சின்னதாகச் சிறகு, அது எதிர்பார்த்ததுதான். வலது மூலைகள் இரண்டிலும் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் வால்வெள்ளி மாதிரி வெளிப்பக்கம் நீண்ட வால்.

இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நாலு மூலையிலும் ஒரே அளவு சிறகு விரிந்தால் அது அந்த லென்ஸ் டிசைனோடு வரும் கோமா என்ற ஒளிப்பிழை, பொறுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் வால் முளைத்தால் உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது அல்லது நகர்ந்திருக்கிறது. டீசென்டரிங் என்பார்கள். கேமராவைத் தலைகீழாகத் திருப்பி எடுத்தேன். வாலும் கேமராவோடு சேர்ந்து மறுபக்கம் போனது, ஆகவே வானத்தின் மேலோ அடிவான மூட்டத்தின் மேலோ பழி போட முடியாது. அதே கேமரா பாடியில் வேறொரு 50 எம்எம் லென்ஸ் மாட்டினால் நாலு மூலையும் சமம். காலையில் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் முன்கண்ணாடிக்கு உள்ளே பால் படிந்த மாதிரி மங்கல். மவுண்ட்டைச் (லென்ஸ் கேமராவோடு பொருந்தும் வளையம்) சுற்றியுள்ள திருகுகளில் இரண்டின் தலை சிராய்ந்திருக்கிறது. யாரோ திறந்து துடைத்திருக்கிறார்கள், திரும்ப நேராக உட்காரவைக்கத் தெரியவில்லை. "திறக்கப்படவில்லை" என்று கையெழுத்துப் போட்ட தாள் என் முன்னால் கிடக்கிறது.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் முதல் பதில், "வைட் லென்ஸ்னா கார்னர் அப்படித்தான் சார்." இடது மூலை ஏன் நன்றாக இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. இரண்டாவது ஆள், "எக்ஸ்போஷர் அதிகம் சார், ஸ்டார் ட்ரெயில் விழுந்திருக்கு." பூமி சுழல்வதால் நட்சத்திரம் கோடாக இழுபட்டிருக்கிறது என்கிறார். 5 விநாடியில் எடுத்து அனுப்பினேன், அதே வால். மூன்றாவது ஆள், பாடியின் மவுண்ட் வளைந்திருக்கும் என்றார். 50 எம்எம் படங்களை அனுப்பினேன். நாலாவதாக வந்ததுதான் வயிறெரிய வைத்தது: "நீங்க கடல் ஓரத்துல இருக்கீங்க, உப்புக் காத்துல உள்ள பூத்திருக்கும்." ஒன்பது நாள் உப்புக் காற்று திருகுத் தலையைச் சிராய்க்குமா? கடைசியில், "ரிட்டர்ன் டேட் முடிஞ்சிருச்சு சார், ஒண்ணும் பண்ண முடியாது." அடுத்த தடவை வாங்க 3,000 ரூபாய் கூப்பன் தருகிறார்களாம். 38,500 ரூபாய்க்கு 3,000 ரூபாய் கூப்பன், அதுவும் அவர்களிடமே வாங்க! சென்னையில் சர்வீஸ் செய்யக் கேட்டால் 16,000 ஆகும், பழைய நிலைக்கு வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்கிறார்கள்.

லென்ஸ் தேர்வு பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது கை ஓடவில்லை. இதையாவது செய்யுங்கள்.

மாதிரிப் படம் கேட்டால் 2.8-ல், ராத்திரியில், இரண்டு ஜூம் முனையிலும் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

பார்சல் வந்த அன்றே சோதியுங்கள், நிலா இருந்தாலும் பரவாயில்லை. பிரகாசமான ஒரு நட்சத்திரம் போதும். மேகம் என்றால் தூரத்தில் கடலில் நிற்கும் படகின் விளக்கு போதும். நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து, ஃபோகஸ் வளையத்தை டேப்பால் ஒட்டிவிட்டு, அதே விளக்கை நாலு மூலைக்கும் கொண்டுபோய் எடுங்கள். பத்து நிமிட வேலை. 24-க்கு மாற்றினால் மறுபடி ஃபோகஸ் செய்யுங்கள், பல ஜூம்களில் அது நகரும்.

திருகுத் தலைகளைப் பாருங்கள். டார்ச் அடியுங்கள், நெம்புகோல் வைத்த மாடல் என்றால் அதைத் தள்ளித் துவாரத்தை முழுக்கத் திறந்து பாருங்கள். பெட்டி பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள்.

ஏமாந்தால் போனில் பேசிக்கொண்டிருக்காதீர்கள், எல்லாம் எழுத்தில். 2020 மின் வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததென்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் இன்று காலை பதிந்துவிட்டேன், தொகை என்ற இடத்தில் 38,500 என்று போட்டு. இந்த லென்ஸை வேறு யாரிடமாவது தள்ளிவிடச் சிலர் சொல்கிறார்கள், அதற்கு மனசு வராது. லென்ஸ் சான்றாக அப்படியே பெட்டியில் இருக்கிறது, சோதனைத் தாளும் அதோடு.