மண்ணைப் பற்றிய இரு நாவல்கள்: ஹாம்சனா, லாக்ஸ்னஸா?

தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு மண்ணைப் பற்றிய அயல்நாட்டு நாவல் ஒன்றைப் பரிந்துரைக்க வேண்டுமென்றால், நார்வேயின் நட் ஹாம்சன் 1917இல் எழுதிய 'நிலவளம்', ஐஸ்லாந்தின் ஹால்டோர் லாக்ஸ்னஸ் 1934–35இல் இரு பகுதிகளாக வெளியிட்ட 'இன்டிபென்டன்ட் பீப்பிள்' ஆகிய இரண்டும் என் முன் நிற்கின்றன. முன்னதை வலங்கைமானில் பிறந்த க.நா.சு. தமிழாக்கியிருப்பதால், வாசிப்பு எளிது. ஆளில்லாத காட்டில் ஐசக் நிலம் திருத்திப் பண்ணை அமைக்கிறான். உழைப்பு ஏறக்குறைய வழிபாடாகிவிடுகிறது, எனக்கு அது சற்று மிகையாகவே படுகிறது.

பின்னதில், 18 ஆண்டுகள் பிறருக்கு உழைத்துச் சொந்த நிலம் பெறும் பியார்டூர், எவரையும் சாராமல் வாழும் வீம்பில் மனைவி மக்களை வாட்டுகிறான். முதல் உலகப்போரால் ஆட்டுக்கும் கம்பளிக்கும் விலை ஏறியதும் கடன் வாங்கி வீடு கட்டுகிறான். விலை சரிந்ததும் நிலம் ஏலத்துக்குப் போகிறது. கூட்டுறவுச் சங்கம் அந்தக் கதையிலும் உண்டு என்பதால், பயிர்க்கடனை அறிந்த டெல்டா வாசகருக்கு இப்பகுதியில் விளக்கவுரை தேவைப்படாது. ஆடுகளைப் பற்றிய பக்கங்கள் நீளம்தான், பொறுமை வேண்டும். ஆயினும் என் பரிந்துரை லாக்ஸ்னஸே. ஆங்கிலத்தில் வாசிக்க இயலாதவர்களுக்கு மட்டும் ஹாம்சனைச் சொல்வேன்.