42,000 ரூபாய் மாருதி 800: ஆறாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பதினைந்தாண்டுப் பதிவுக்காலம் முடியவிருந்த 2004ஆம் ஆண்டுத் தயாரிப்பான மாருதி 800 ஒன்றை 2019இல் 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். மதுரையிலிருந்து மேலூரில் உள்ள அலுவலகத்துக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அத்தனை தொலைவை இருசக்கர வண்டியில் நாள்தோறும் கடக்க முதுகு இடம் தரவில்லை. மீட்டர் 81,000 கிலோமீட்டர் காட்டியது. ஆனால் கிளட்ச் மிதியின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருந்ததைப் பார்த்த மெக்கானிக், ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் ஓடியிருக்கும் என்றார். அந்தக் கணக்கை வைத்தே விலை பேசினோம்.

கொடுத்த தொகையோடு செலவு முடிந்ததென்று நினைத்துவிடக் கூடாது. முதல் ஆண்டில் மட்டும் மேலும் 31,000 ரூபாய் போனது. முன்பு எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத டைமிங் பெல்ட்டை முதலில் மாற்றினேன். பிறகு கிளட்ச் பிளேட், நான்கு டயர்கள், முன்சக்கரப் புஷ்கள் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையங்கள்). ஓட்டுநர் காலடியில் மிதியடியைத் தூக்கினால் சாலை தெரிந்தது என்பதால் தரைத்தகட்டுக்கு வெல்டிங் வைத்தோம். அதன்பின் ஆண்டுக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாய்தான் ஆகிறது. 2014 ஜனவரியிலேயே இந்தக் காரின் உற்பத்தி நின்றுவிட்டாலும், உதிரிபாகம் கிடைக்காமல் நான் காத்திருந்ததில்லை.

இந்த ஆறாண்டுகளில் வழியில் நின்றது இரண்டே முறை. ஒருமுறை பேட்டரி முனை தளர்ந்திருந்தது. மற்றொன்று முழுக்க என் அலட்சியம்: என்ஜினைக் குளிர்விக்கும் நீர் செல்லும் ரேடியேட்டர் ஹோஸ் விரிசல் விட்டிருந்தும் அதை அடுத்த மாதம் மாற்றலாமென்று தள்ளிப்போட, அது ஒத்தக்கடை அருகே வெடித்தது. வெப்பமானியின் முள் ஏறியதைக் கண்டு உடனே நிறுத்தியதால், அலுமினிய சிலிண்டர் ஹெட் வளையாமல் 600 ரூபாயோடு போயிற்று. இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் வண்டி விலையில் பாதி கரைந்திருக்கும். அன்றுமுதல் ஞாயிறுதோறும் பானெட்டைத் திறந்து கூலன்ட், என்ஜின் ஆயில், பிரேக் ஆயில் ஆகியவற்றின் அளவைப் பார்த்துவிடுகிறேன். ஐந்து நிமிட வேலைதான்.

குறைகளும் உண்டு. 796 சி.சி. என்ஜின், குளிர்சாதனத்தை இயக்கிக்கொண்டு நான்கு பேரோடு மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்கும். காற்றுப்பையோ, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்ஸோ இல்லாத இந்தச் சிறு வண்டியை நான்குவழிச் சாலையில் எழுபதுக்கு மேல் ஓட்டுவதில்லை. குழந்தைகளுடன் இரவு நெடும்பயணம் போவதும் இல்லை. பெட்ரோல் லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் தருகிறது.

பழைய காரைத் தேடுவோர் எஃப்.சி. எனப்படும் வண்டித் தகுதிச் சான்றின் கணக்கையும் போட்டுக்கொள்ள வேண்டும். பதினைந்து ஆண்டானதும் தமிழ்நாட்டில் வண்டியை உடைக்க வேண்டியதில்லை. பசுமை வரி கட்டி, சோதனையில் தேறினால் பதிவை ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். 2019இல் 600 ரூபாயாக இருந்த புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2024இல் அதைக் கட்டினேன். இருபது ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 என உயர்த்திவிட்டார்கள். என் அடுத்த முறை 2029. இடப்பக்கக் கதவுக்குக் கீழே துரு மறுபடியும் தலைகாட்டுகிறது. அதைத் தட்டிப் பார்த்த மெக்கானிக், அதுவரை தாங்குமென்றும் சொல்லவில்லை, தாங்காதென்றும் சொல்லவில்லை.